மதிப்பிற்குரிய பயனாளர்

அந்த மருத்துவமனைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் குணமாகி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை. ஆனால் அவர்களைக் குணமாக்கும் விதத்தில் நாகரிகம் போதவில்லை என்று மேலிடத்துக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. மேலிடத்துக்குத் தோன்றிவிட்டால் கீழே இருப்பவர்களுக்கும் தோன்றித்தான் ஆக வேண்டும்.

எலும்பு முறிவு வார்டில் வேலை பார்த்த ஒரு நர்ஸ்தான் இதற்குக் காரணம். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். வார்டில் எல்லோருக்கும் அவர் அதட்டல் சிஸ்டர். இந்த மூலையில் நின்றுகொண்டு "மாத்திரை போட்டாச்சா?" என்று அவர் கேட்டால், அந்த மூலையில் படுத்திருப்பவர் மட்டுமல்ல, கீழ்த்தளத்தில் கண் காட்ட வந்தவரும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார். அவ்வளவு பெரிய வார்டுக்கு ஒரு நேரத்தில் இரண்டு நர்ஸ்கள்தான் டியூட்டி. கட்டில் கட்டிலாகப் போய் இதமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் காலை மாத்திரையைச் சாயங்காலம்தான் கொடுத்து முடிக்கலாம். ஆகவே நின்ற இடத்திலிருந்தே எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவது அவர் வழக்கம்.

மேலிடத்து அதிகாரி தாழ்வாரத்துக்குப் புதிதாக அடித்த பெயின்ட்டைப் பார்வையிட வந்த அன்று, அதட்டல் சிஸ்டர் லாரிக்காரரை நடக்க வைத்துக்கொண்டிருந்தார்.

லாரிக்காரர் என்பவர் ஆயுள் முழுக்க லாரி ஓட்டி ஓய்ந்தவர். லாரியிலிருந்து ஒரு நாளும் விழாதவர், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து, நாளைக்கே எழுந்து நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நடப்பதில்லை என்று லாரிக்காரர் முடிவு செய்துவிட்டார்.

"அப்பா, எழுந்திரிங்க."

"வலிக்குதும்மா."

"வலிக்கத்தான் செய்யும். எலும்பு ஒட்டுறப்ப தாலாட்டா பாடும்? இப்படியே கிடந்தா முதுகு புண்ணாகும், நெஞ்சுல சளி கட்டும். அப்புறம் என்கிட்ட அழக் கூடாது. காலை ஊணுங்க! ஊணுங்கன்னா!"

லாரிக்காரர் ஊன்றினார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சில அடிகள் வைத்தார். அந்த நேரம் பார்த்து அதிகாரி உள்ளே நுழைந்தார். கண்ணில் நீரோடு ஒரு வயோதிகர். அவரை இடுப்போடு பிடித்துக்கொண்டு கத்துகிற ஒரு வெள்ளைச் சீருடை. அதிகாரி பார்த்தது இவ்வளவுதான். வயோதிகர் முந்தின நாள் எழுந்து உட்காரவே முடியாமல் இருந்தவர் என்பது பார்வையில் படுகிற விஷயமா?

அதிகாரி, பக்கத்தில் நின்ற மருத்துவமனைக் கண்காணிப்பாளரைப் பார்த்தார். "என்னய்யா இது, ஆஸ்பத்திரியா, சந்தைக்கடையா? நீயெல்லாம் என்னத்தைக் கண்காணிக்கிறே?"

"சார், நர்ஸுங்க பத்தலை சார். ஆள் கேட்டு எழுதியிருக்கோம்..."

"ஆள் வர்றப்ப வரட்டும். இருக்கிற ஆளுக்கு நடத்தை இருக்கா, அதைச் சொல்லு."

கண்காணிப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். நர்ஸ் வேண்டும் என்று அவர் வருஷக்கணக்கில் எழுதியதற்குப் பதில் வந்ததில்லை. நடத்தை வேண்டும் என்று அன்று மாலை எழுதினார். மை காய்வதற்குள் அனுமதி வந்துவிட்டது.

அடுத்த வாரம் நடத்தை ஆலோசகர் ஒருவர் வந்து இறங்கினார். விமானப் பணிப்பெண்களுக்கும் வைர நகைக்கடை விற்பனையாளர்களுக்கும் பணிவு சொல்லிக்கொடுத்தவர். ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றும் என்பதால் வார்டுகளுக்குள் போகாமல், கருத்தரங்கக் கூடத்திலிருந்தே மருத்துவமனையைச் சீர்திருத்துவதாக ஒப்புக்கொண்டார். நர்ஸ்கள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. வார்டுகளை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். முதல் நாள் தலைப்பு: 'ஒரு கணமும் தனியே விடாதீர்.'

"முதலில் நோயாளி என்கிற சொல்லை ஒழிக்க வேண்டும்," என்று ஆரம்பித்தார் ஆலோசகர். "அந்தச் சொல்லுக்குள்ளேயே நோய் இருக்கிறது. காதில் விழுந்தால் மனது தளர்ந்துவிடும்."

"அப்ப எப்படிங்க சார் சொல்றது?" என்று தலைமை நர்ஸான மேட்ரன் பயபக்தியோடு கேட்டார்.

"மதிப்பிற்குரிய பயனாளர்."

"என்ன பயன்னு கேட்டாங்கன்னா?" இது பின்வரிசையிலிருந்து, மைக் இல்லாமலே, அதட்டல் சிஸ்டர்.

"அது டாக்டர்கள் பொறுப்பு. நாம் நடத்தையோடு நிறுத்திக்கொள்வோம்." ஆலோசகர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "அடுத்தது, இந்த அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அண்ணே, தம்பி. இதெல்லாம் இன்றோடு நிற்க வேண்டும். உறவு சொல்லிக் கூப்பிட்டால் உரிமை வரும். உரிமை வந்தால் குரல் ஏறும். குரல் ஏறினால் மரியாதை இறங்கும்."

"அவங்க எங்களை சிஸ்டர்னு கூப்பிடறாங்களே சார், அது உறவு இல்லையா?"

ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார். இந்தக் கோணத்தில் அவர் யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. இத்தனை காலமும் உலகம் முழுக்க, முன்பின் தெரியாதவர்கள், ஊசி போடுகிற பெண்களைச் சகோதரி என்று சொல்லி உறவு கொண்டாடி வந்திருக்கிறார்கள்; யாரும் தட்டிக் கேட்கவில்லை. மறுநாளே தட்டிக் கேட்கப்பட்டது. இனி நர்ஸ்களை 'பராமரிப்பு நிர்வாகி' என்றே அழைக்க வேண்டும் என்று வார்டுக்கு வார்டு பலகை தொங்கியது.

பலகை தொங்கிய முதல் காலை, கால் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்த ஒரு இளைஞனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவன் எழுத்துக்கூட்டிப் பலகையைப் படித்து, "பரா... பரா..." என்று ஆரம்பித்தான். 'நிர்வாகி' வரைக்கும் போவதற்குள் விஷயம் கைமீறிப் போய், படுக்கை விரிப்பை மாற்ற வேண்டியதாயிற்று.

கதவைத் தட்டி அனுமதி பெற்ற பிறகே பயனாளரை அணுக வேண்டும் என்று இன்னொரு விதி. அந்த வார்டு நீளமான ஒரே கூடம். கதவு என்று ஒன்று கிடையாது. நடத்தைக்கென்றே போட்ட கமிட்டி கூடி ஆராய்ந்து, கட்டிலைத் தட்டினால் போதும் என்று சலுகை அளித்தது. இரும்புக் கட்டில்கள். படுத்திருந்தவர்களோ எலும்பு முறிந்தவர்கள். அந்த மரியாதை ஒவ்வொருவருக்கும் எலும்பு வரை போய்ச் சேர்ந்தது.

இதையெல்லாம் கவனிக்க வார்டுக்கு ஒரு நடத்தை அலுவலர் நியமிக்கப்பட்டார். நர்ஸ் போடத்தான் வழியில்லையே தவிர, நர்ஸைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் போட வழி இருந்தது. எலும்பு முறிவு வார்டுக்கு வந்தவர் கழுத்தில் டை கட்டிய, ரொம்ப மரியாதையான இளைஞர். யாராவது விழுந்தால்கூடத் தூக்க மாட்டார். அது அவருடைய பணி வரம்பில் இல்லை. ஆனால் மிகவும் வருந்துவார்.

ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சின்னப் பெட்டி பொருத்தினார்கள். அதில் நட்சத்திரம் போட்ட பொத்தான்கள். பராமரிப்பு நிர்வாகி வந்துவிட்டுப் போனதும் பயனாளர் ஒன்றிலிருந்து ஐந்து வரை எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் தரலாம்.

அதட்டல் சிஸ்டர் மனப்பாடம் செய்துகொண்டு லாரிக்காரரிடம் வந்தார். கட்டிலைத் தட்டினார். லாரிக்காரர் "அய்யோ" என்றார்.

"மதிப்பிற்குரிய பயனாளரே, வணக்கம். தங்களை இன்று நடக்க வைக்க வந்திருக்கும் பராமரிப்பு நிர்வாகி நான். தாங்கள் நடக்க விரும்புகிறீர்களா?"

லாரிக்காரர் தலையைத் திருப்பித் தமக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். சுவர்தான் இருந்தது.

"என்னையா கேட்கறே?"

"தங்களைத்தான்."

"இன்னொரு வாட்டி கேளு."

சிஸ்டர் கேட்டார். லாரிக்காரர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "விரும்பலை," என்றார்.

டை கட்டியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அதட்டல் சிஸ்டர் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். "தங்கள் விருப்பத்திற்கு நன்றி," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். லாரிக்காரர் ஐந்தாவது நட்சத்திரத்தை அழுத்தினார்.

வார்டு முழுக்க இதுவே நடந்தது. ஊசி வேண்டாம் என்று சொல்லித் தப்பித்தவர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். போட்டுக்கொண்டவர்கள் நாலுதான் போட்டார்கள். எது நல்ல சிகிச்சை என்பது கமிட்டிக்குத் தெளிவாகிவிட்டது. ஆலோசகர் பாராட்டப்பட்டார். புண்களும் சளியும் ஓசைப்படாமல் தங்கள் வேலையைப் பார்த்தன. அவற்றிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

பிறகுதான் முகக்கவசம் வந்தது. புன்னகை அவசியம் என்று ஆலோசகர் வகுப்பெடுத்திருந்தார். ஆனால் நர்ஸ்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு புன்னகைத்தால் அது யாருக்குத் தெரியும்? கவசத்தின் மேலேயே, வரிசையாகப் பற்கள் தெரிய ஒரு புன்னகையை அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு மதியம், சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரைக் கொண்டுவந்தார்கள். டாக்டர்கள் எவ்வளவோ போராடினார்கள். மாலைக்குள் போய்விட்டார். அவர் மனைவி தாழ்வாரத்தில், கணவனுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியவர் அதட்டல் சிஸ்டர். திரைக்குப் பின்னால் நின்று முகக்கவசத்தைக் கழற்றினார். உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பிக் கட்டிக்கொண்டார். போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தோளில் கைபோட்டு, காதோடு சொன்னார். அவருக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டு என்பதே அன்றுதான் வார்டுக்குத் தெரிந்தது.

மறுநாள் கமிட்டி அழைத்தது. கண்காணிப்பாளர், ஆலோசகர், மேட்ரன் மூவரும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

"புன்னகையைத் திருப்பிக் கட்டியிருக்கிறீர்கள்," என்றார் ஆலோசகர்.

"புருஷன் செத்ததைப் பொண்டாட்டிகிட்ட பல்லைக் காட்டிக்கிட்டா சார் சொல்றது?"

"அவர் நம் சேவையைப் பெற்றவர்."

"எந்த சேவையை?"

"தகவல் சேவையை."

மேட்ரன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்காணிப்பாளர் ஜன்னல் வழியாகப் புதுப் பெயின்ட்டைப் பார்த்தார். அவருக்கும் இது கொஞ்சம் அதிகப்படி என்றே பட்டது. ஆனால் மேலிடத்திலிருந்து வந்த தொலைபேசியில், "ஒழுங்கா நடத்த முடியலைன்னா எழுதிக் கொடுத்துட்டுப் போய்யா," என்று காலையில்தான் திட்டு வாங்கியிருந்தார். அதட்டல் சிஸ்டருக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. ஆனாலும் கமிட்டி கல்நெஞ்சம் படைத்ததல்ல. சாவுச் செய்தி சொல்லும் நேரங்களுக்கென்று, பல் தெரியாத ஓர் அனுதாபப் புன்னகையை அச்சிடச் சொல்லி ஆர்டர் கொடுத்தது.

லாரிக்காரரின் மகள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களோடு கத்திவிட்டு, மாலையில் அப்பாவைப் பார்க்க வருவாள். அன்று அப்பாவைப் புரட்டித் துடைக்கும்போது முதுகில் சிவப்பாகத் தடித்திருப்பதைப் பார்த்தாள். மூச்சிலும் கரகரவென்று ஒரு சத்தம்.

"சிஸ்டர், அப்பா நடக்கறாரா?"

"தாங்கள் என்னை நிர்வாகின்னு கூப்பிடணும்."

"சிஸ்டர்!"

அதட்டல் சிஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தார். "விரும்பலைன்னு சொல்றாரும்மா. விரும்பலைன்னா நாங்க நன்றி சொல்லிட்டுப் போயிடணும்."

"முன்னாடியெல்லாம் ஒரு சத்தம் போடுவீங்களே?"

"இப்பப் போட்டா வேலை போயிடும். வீட்டுக்காரர் படுத்துட்டார், வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன். போட முடியாதும்மா."

"அப்ப நான் போடறேன்."

மகள் போட்டாள். டிக்கெட் கவுன்டர் தொண்டை. "அப்பா! எழுந்திருக்கப் போறியா, இல்ல இங்கயே வேர் விடப் போறியா? உன் பேத்தி தினமும் தாத்தா எங்கேன்னு கேட்கறா. எழுந்திரு!"

லாரிக்காரர் காலைக் கீழே தொங்கவிட்டுவிட்டார். அதற்குள் டை கட்டியவர் வந்துவிட்டார்.

"மன்னிக்கணும். பயனாளரிடம் இப்படிப் பேசக் கூடாது."

"இவர் எங்க அப்பா."

"வார்டுக்குள்ளே பயனாளர். நீங்க இப்ப செய்தது பராமரிப்பு நிர்வாகியோட வேலை. அந்த வேலையை யார் செய்தாலும் விதி ஒன்றுதான். அப்பான்னு கூப்பிட்டது ஒரு தவறு. ஒருமையில் கூப்பிட்டது இன்னொரு தவறு."

"அப்பாவை அப்பான்னு கூப்பிடாம?"

"அதற்கு வகுப்பு இருக்கு. சனிக்கிழமைதோறும். உறவினர் நன்னடத்தை வகுப்பு."

மகள் டை கட்டியவரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். லாரிக்காரர் தொங்கவிட்ட காலை மெதுவாக மேலே எடுத்து, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "தம்பி சொல்றது நியாயந்தானேம்மா," என்றார்.

மறுநாளே அவள் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். வேண்டாம் என்று டாக்டர் தடுத்தார், கேட்கவில்லை. லாரிக்காரரைத் தள்ளுநாற்காலியில் வாசல் வரை கொண்டுவந்து, "மதிப்பிற்குரிய பயனாளரே, மீண்டும் வருக," என்று வழியனுப்பினார்கள். அவர் கண் கலங்கிக் கும்பிட்டார்.

அன்று டியூட்டி முடிந்ததும் அதட்டல் சிஸ்டர் சீருடையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். சின்ன வீடு. நடுக்கூடத்தில் கட்டில். அங்கே விதி கிடையாது, பலகை கிடையாது, டை கிடையாது. கட்டிலுக்கு முன்னால் நின்று, இத்தனை நாள் தொண்டையில் கட்டிக் கிடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டார்.

"என்னப்பா நினைச்சுக்கிட்டிருக்கீங்க? எழுந்திரிங்க! வலிச்சா வலிக்கட்டும்! கண்ணைத் துடைச்சுக்கிட்டு நடங்க! தலையைக் குனியாதீங்க, முதுகை நிமித்துங்க! இன்னும் ஒரு அடி! இதென்ன அடியா? குழந்தைகூட இதைவிட நல்லா வைக்கும்!"

தெருவே ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது. லாரிக்காரர் அழுதார், திட்டினார், நடந்தார். சிஸ்டர் தினமும் வந்தார். முதலில் கட்டிலைச் சுற்றி, பிறகு சமையலறை வரை, பிறகு வாசல் வரை. சளி இறங்கியது. முதுகுப் புண் காய்ந்தது. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. மகள் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன கைம்மாறு செய்யப் போறேன்க்கா," என்றாள். "ஒண்ணும் வேணாம், மூச்சு விடாம இரு. வெளியே தெரிஞ்சா என் வேலைக்கு ஆபத்து," என்றார் சிஸ்டர்.

மகள் மூச்சு விடவில்லை. ஒரு நாள் காலையில் அவள் வேலைக்குப் போனதும் லாரிக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கைத்தடியை எடுத்தார். தெருக்கோடி வரை போனார், பெரிய சாலையைக் கடந்தார், நடந்தே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். லிஃப்ட் ஓடவில்லை. மாடிப்படி ஏறிக் கண்காணிப்பாளர் அறைக் கதவைத் தட்டினார்.

"வாங்க, மதிப்பிற்குரிய பயனாளரே. என்ன வேணும்?"

"புகார் கொடுக்கணும்."

"யார் மேலே?"

"அந்த அதட்டல் சிஸ்டர் மேலே. என் வீட்டுக்கே வந்து, என் பேத்தி முன்னாடி, தெருவே பார்க்க, என்னை நடங்க நடங்கன்னு விரட்டினாங்க. கொஞ்சம்கூட மரியாதை இல்லை."

கண்காணிப்பாளர் தம் மேஜையில் இருந்த நட்சத்திரப் பெட்டியை எடுத்து நீட்டினார். லாரிக்காரர் முதல் பொத்தானை அழுத்தினார்.

"அவ்வளவு மோசம்னா இந்த ஒரு நட்சத்திரம் எதுக்கு?"

"அதுக்குக் கீழே பொத்தான் இல்லையேங்க."

அதட்டல் சிஸ்டருக்கு வேலை போயிற்று. அனுமதியின்றி, பணி நேரத்துக்கு வெளியே, ஒரு பயனாளரைக் குணப்படுத்திய குற்றம். அதே வாரம், படுத்த படுக்கையாக இருந்த பயனாளர் ஒருவர் நன்னடத்தைத் திட்டத்தின் பலனாகத் தாமே நடந்து வந்து கருத்துத் தெரிவித்ததாக மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. ஆலோசகருக்கு ஒரு கேடயம் கொடுத்து, அடுத்து மயானங்களைச் சீர்திருத்த அனுப்பிவைத்தார்கள்.

மகள் அன்று சாப்பிடவே இல்லை. "எப்படிப்பா மனசு வந்துச்சு? அவங்க இல்லைன்னா இந்நேரம் உனக்கு மாலை போட்டிருப்போம்."

"அது தெரியும்."

"தெரிஞ்சுதான் செஞ்சியா?"

லாரிக்காரர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவைத்தார். "இங்க பாரும்மா. பதினாறு வயசுல க்ளீனரா ஏறினேன். முதலாளி டேய்னான். செக்போஸ்டுல போலீஸ்காரன் டேய்னான். சரக்கு இறக்கப் போனா வாட்ச்மேன்கூட, ஏய் வண்டி, தள்ளி நில்லுன்னான். வண்டின்னு, என்னை. அந்த ஆஸ்பத்திரியிலதாம்மா என்னை ஒருத்தர் தாங்கள்னு கூப்பிட்டு, உனக்கு என்ன விருப்பம்னு கேட்டாங்க. அதை விட்டுட்டு எழுந்து நடன்னா எப்படி நடப்பேன்? நடக்க வச்சாங்க, சரி. அந்தப் பொம்பளை என்கிட்ட ஒரே ஒரு தடவை, முடியுமாப்பான்னு கேட்டிருக்கலாம்ல?"

மறுநாள் மகள் அதட்டல் சிஸ்டரிடம் போய் இதை அப்படியே சொல்லி அழுதாள். சிஸ்டர் படுத்திருந்த கணவருக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "கேட்டிருக்கலாம்," என்றார். "கேட்க ஆரம்பிச்சா அந்த வார்டுல எனக்கு நாள் பத்தாது. ஆனா கேட்டிருக்கலாம்." பிறகு, "மாடிப்படி ஏறியா போனார்? கைப்பிடியைப் பிடிச்சா, பிடிக்காமலா?" என்று கேட்டார்.

லாரிக்காரர் ருசி கண்டுவிட்டார். தினமும் காலையில் நடந்தே மருத்துவமனைக்குப் போய், வெளிநோயாளிகள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டார். வருகிறவர் போகிறவரெல்லாம், "மதிப்பிற்குரிய பயனாளரே, தாங்கள் தண்ணீர் அருந்த விரும்புகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் தம் கூட்டாளிகளிடம் போய்ச் சொன்னார். பழைய டிரைவர்கள் வந்தார்கள். அவர்கள் சொல்லிச் சுமை தூக்குகிறவர்கள் வந்தார்கள். மருமகள் மதிக்காத மாமியார்கள் வந்தார்கள். மாமியார் மதிக்காத மருமகள்கள் எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள். வகுப்பில் பையன்கள் மதிக்காத வாத்தியார், கட்சியில் யாரும் மதிக்காத தொண்டர், வீட்டில் நாய்கூட மதிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு வக்கீல். கூடம் நிறைந்து வழிந்தது. காய்ச்சலோடு வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை. அவர்கள் வாசலில் வெயிலில் நின்றார்கள்.

அதட்டல் சிஸ்டர் தம் அலமாரியைக் காலி செய்ய வந்த நாளன்று, உச்சிப் பொழுதில் கூடத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டிருந்தாள். டை கட்டிய இளைஞர் வரிசை வரிசையாகப் போய், "தாங்கள் எழுந்திருக்க விரும்புகிறீர்களா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவருக்கும் விருப்பமில்லை. ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். கூடத்திலும் பெட்டி வைத்திருந்ததால் எல்லோரும் நட்சத்திரம் போட்டார்கள்.

கண்காணிப்பாளர் வேர்த்து விறுவிறுத்து, பையோடு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்த சிஸ்டரின் பின்னால் ஓடினார்.

"சிஸ்டர்! ஒரு நிமிஷம். நீங்க உள்ளே வந்து ஒரே ஒரு சத்தம் போடணும். 'எழுந்திரிங்க'ன்னு. அவ்வளவுதான். கூடம் காலியாயிடும்."

"எழுத்துல கொடுங்க சார்."

"எழுத்துல எப்படிம்மா? விதிக்கு விரோதமாச்சே. என் வேலை போயிடும்."

சிஸ்டர் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே நடந்தார். சத்தம் போடுவதற்கல்ல. மூலையில் கிடந்த தள்ளுநாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார், கர்ப்பிணிப் பெண்ணிடம், "முடியுதாம்மா?" என்று கேட்டு, அவளை அதில் உட்காரவைத்து, நேராகப் பிரசவ வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தார். முன்வரிசையில் லாரிக்காரர் அவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிஸ்டர் அவருடைய இடுப்பையும் உட்கார்ந்திருந்த வாட்டத்தையும் மட்டும் கவனித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கண்காணிப்பாளர் கூடத்தின் நடுவில் தனியாக நின்றார். காலையிலிருந்து மேலிடத்துத் தொலைபேசி மூன்று தடவை வந்திருந்தது. மூன்று தடவையும் 'என்னய்யா'வில்தான் ஆரம்பித்தது. கால் கடுத்தது. வரிசையில் யாரோ கழிவறைக்கு எழுந்துபோன இடம் ஒன்று காலியாக இருந்தது. ஒரு நிமிஷம்தான் என்று நினைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.

டை கட்டிய இளைஞர் அன்றுதான் புதிதாகச் சேர்ந்த உதவியாளர் ஒருவருக்கு வேலை பழக்கிக்கொண்டிருந்தார். புதியவருக்கு இன்னும் ஆட்களைத் தெரியாது. வரிசைப்படி வந்தவர் கண்காணிப்பாளருக்கு முன்னால் நின்று, இடுப்பை வளைத்து, மென்மையான குரலில் சொன்னார்:

"மதிப்பிற்குரிய பயனாளரே, தாங்கள் ரொம்பவும் களைத்திருக்கிறீர்கள். தங்களுக்காக நான் என்ன செய்யட்டும்?"

கண்காணிப்பாளர் தாம் யார் என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார்.

"இதே மாதிரி," என்றார், "இன்னும் கொஞ்சம் பேசுங்க."